தாளில் வரைபடம் இல்லாமல் பாலம் கட்டுவது எப்படி?

நார்வேயில் ராண்ட்செல்வா ஆற்றின் மேல் 634 மீட்டர் நீளக் கான்கிரீட் பாலம் ஒன்று நிற்கிறது. ஈ16 நெடுஞ்சாலைக்காக எழுந்த இந்தப் பாலம், தாள் வரைபடங்கள் இல்லாமலே கட்டப்பட்டது. எந்தக் கம்பி எங்கே வளைகிறது என்பதைத் தொழிலாளர்கள் திரையில் முப்பரிமாண மாதிரியைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது?

வரைபடத்தில் இருப்பவை கோடுகள். ‘பிம்’ எனப்படும் கட்டுமானத் தகவல் மாதிரியில் ஒவ்வோர் உறுப்பும் தன் அளவு, பொருள், இருப்பிடம் ஆகிய விவரங்களைச் சுமந்திருக்கிறது. ஒரு தூணின் உயரத்தை மாற்றினால், அதற்கான கான்கிரீட் கணக்கும் கூடவே மாறும்.

சாலைப் பணிக்கு இது ஏன் தேவை? சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கேபிள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. தோண்டிய பிறகு ஒன்று குறுக்கிட்டால் வேலை நிற்கும், வரிப்பணம் கரையும். நிலத்தடி விவரங்கள் சரியாக அளந்து பதிவாகியிருந்தால், அந்த மோதலைத் திரையிலேயே கண்டு வடிவமைப்பைத் திருத்திவிடலாம். அதே மாதிரியைச் செயற்கைக்கோள் வழிகாட்டியுள்ள மண்வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினால், இன்னும் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பது ஓட்டுநருக்குத் திரையில் தெரியும்.

இத்தகைய மாதிரிகளை மென்பொருள்களுக்கிடையே பரிமாற உதவும், கட்டடங்களுக்காகப் பிறந்த ‘ஐஎஃப்சி’ என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் சாலைக்கு நெடுங்காலம் உரிய இடம் இல்லை. 2024-இல் வெளியான அதன் ஐஎஸ்ஓ தரநிலை சாலை, பாலம், ரயில் பாதை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. அதனால், மென்பொருளை மாற்றினாலும் ஒரு சாலைத் துறை தன் தகவல்களைத் திறந்து பராமரிப்புக்குப் பயன்படுத்த முடியும்.