கரண்டு வேலைக்கு ஒரு பட்டப் படிப்பு: தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை வழி?

பி.யூ.சி. தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுதான். பையனை எதில் சேர்ப்பது, பெண்ணை எதில் சேர்ப்பது? "கம்ப்யூட்டர்" என்று யாராவது சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். "எலெக்ட்ரிகல்" என்று பிள்ளை வாய் திறந்தால் போதும், "கரண்டு வேலை பார்க்க எதற்கு 4 வருடப் படிப்பு? ஸ்குரூ டிரைவர் பிடிக்கவா பட்டம்?" என்று தகப்பனார் கேட்டுவிடுகிறார்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஓவர்டைம் பார்த்தும், சீட்டுக் கட்டியும் சேர்த்த பணம் அது. ஒரு தடவைதான் கட்ட முடியும். தவறான இடத்தில் கட்டிவிட்டால் மறுபடி சேர்க்க 10 வருடம் ஆகும். ஆகவே, இந்தப் படிப்பு என்ன, அதில் சேர எத்தனை வழி, முடித்தால் எங்கே வேலை என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

தங்கவயலுக்கு வந்த மின்சாரம்

மின்சாரப் பொறியியலுக்கும் இந்த மாநிலத்துத் தமிழர்களுக்கும் உள்ள உறவு பழையது. வடஆற்காடு, சேலம் பக்கங்களில் இருந்து வந்த தமிழர்கள் கோலார் தங்கவயல் சுரங்கங்களில் இறங்கி உழைத்தார்கள். அந்தச் சுரங்கங்களுக்காகத்தான் 1902-ம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் கட்டப்பட்டது. அங்கிருந்து 92 மைல் தூரம், அதாவது சுமார் 148 கி.மீ., கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். அந்த நாளில் உலகிலேயே நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. அந்தத் திட்டத்துக்கு வழி செய்த மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர், வேலை முடிவதைப் பார்க்காமலே 1901-ல் காலமானார். பெங்களூர் நகரத் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்கும் பிறகு, 1905 ஆகஸ்டு 5-ந் தேதிதான்.

சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று மாரிக்குப்பத்தில் ரெயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். ஆனால் அதே கோலாருக்கு 2003-ல் இன்னொரு மின்பாதை வந்து சேர்ந்தது. ஒடிசாவின் தால்ச்சேரில் இருந்து 1,300 கி.மீ.க்கு மேல் ஓடிவரும் 500 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை அது. 2,000 மெகாவாட் சக்தியைக் கொண்டுவரும் அளவில் அமைக்கப்பட்டது. தங்கம் தோண்டுவது நின்றுவிட்டது. மின்சாரத்தின் தேவையோ ஏறிக்கொண்டே போகிறது.

வயர்மேனும் என்ஜினீயரும்

சிவசமுத்திரத்து மின்சாரத்தை ஏன் 30 ஆயிரம் வோல்டுக்கு மேல் உயர்த்தி அனுப்பினார்கள்? இந்தப் படிப்பு எதைப் பற்றியது என்பதை இந்த ஒரு கேள்வியிலேயே புரிந்துகொள்ளலாம்.

ஒரே அளவு சக்தியை அனுப்பும்போது வோல்டேஜை 10 மடங்கு உயர்த்தினால், கம்பியில் ஓடும் கரண்டு பத்தில் ஒன்றாகக் குறையும். கம்பி சூடாகி வீணாகும் சக்தி, கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும். வோல்டேஜை ஏற்றவும், ஊர் வந்ததும் இறக்கவும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். வோல்டேஜ் ஏற ஏற, கம்பியைத் தாங்கும் பீங்கான்கள் பெரிதாக வேண்டும், கோபுரம் உயர வேண்டும், செலவும் ஏறும். எந்த அளவில் நிறுத்தினால் லாபம் என்று கணக்குப் போடுவது என்ஜினீயரின் வேலை.

ரெயில் பயணிகள் இன்னொரு உதாரணத்தைத் தினமும் பார்க்கலாம். ரெயில் பாதையில் தலைக்கு மேல் ஓடும் கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் இருக்கிறது. 2011-ல் ஓடத் தொடங்கிய பெங்களூர் மெட்ரோவுக்கோ மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்தின் பக்கத்தில் தரையை ஒட்டி ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் வருகிறது. வோல்ட் குறைவு என்பதால் துணை மின்நிலையங்களை நெருக்கி நெருக்கி அமைக்க வேண்டும். எத்தனை வேண்டும், எங்கே வேண்டும், ஒன்று பழுதானால் ரெயிலை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் முன்கூட்டியே கணக்கிடப்பட்டவை.

எரிந்துபோன மோட்டாருக்கு மறுபடி கம்பி சுற்றிக் கொடுப்பவர் கைத்தொழில் வல்லவர். அது ஏன் எரிந்தது, இனி எரியாமல் இருக்க எந்த அளவு மோட்டார், எந்த அளவு பாதுகாப்புக் கருவி என்று தீர்மானிப்பவர் என்ஜினீயர். இரண்டு வேலையும் வேண்டும். கம்பி சுற்றத் தெரிந்த வீட்டில் இருந்து வரும் பிள்ளை, கணக்கும் கற்றுக்கொண்டால் அவனுக்கு அது கூடுதல் பலம்.

4 ஆண்டுகளில் என்ன படிப்பு?

பெரும்பாலான கல்லூரிகளில் இது 'எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. 4 ஆண்டுகள், 8 செமஸ்டர்கள்.

முதல் ஆண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் புரோகிராம் ஆகியவை பொதுப்பாடங்கள். அடுத்து வருபவை மின்சுற்றுகள், டிரான்ஸ்பார்மர், மோட்டார், ஜெனரேட்டர், அளவைக் கருவிகள். மூன்றாம் ஆண்டில் மின்உற்பத்தி, மின்பாதைகள், பாதுகாப்பு ரிலேக்கள், கட்டுப்பாட்டு முறைகள், பவர் எலெக்ட்ரானிக்ஸ் என்று விரியும். கடைசி ஆண்டில் விருப்பப் பாடங்களும் புராஜெக்டும் உண்டு.

கணிதத்துக்குப் பயப்படும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு கடினம். பி.யூ.சி.யில் கலப்பெண், வகை நுண்கணிதம் வரும்போது "இது எங்கே உதவப்போகிறது" என்று ஒதுக்குவது உண்டு. மாறுமின்னோட்டக் கணக்கு முழுவதும் அந்தக் கலப்பெண்ணில்தான் நிற்கிறது. அதைப் புரிந்துகொண்டவனுக்குப் பாதிப் பாடம் எளிதாகிவிடும்.

ஏறுவதற்கு மூன்று படிகள்

வசதி குறைந்த குடும்பத்துக்கு இந்தப் படிப்பில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரே மூச்சில் ஏற வேண்டியதில்லை. நடுவில் நின்று சம்பாதித்துவிட்டு மறுபடி ஏறலாம்.

முதல் படி, ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் பிரிவு. 10-ம் வகுப்புக்குப் பிறகு 2 ஆண்டுகள். அதன்பின் ரெயில்வேயிலோ பெரிய தொழிற்சாலையிலோ அப்ரெண்டிஸ் பயிற்சி பெறலாம்.

இரண்டாவது படி, பாலிடெக்னிக் டிப்ளமோ. 10-ம் வகுப்பு முடித்தவர்களுக்கு 3 ஆண்டுகள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது.

மூன்றாவது படி, பி.இ. பட்டம். பி.யூ.சி. முடித்து சி.இ.டி. எழுதிச் சேரலாம். கர்நாடகத்தில் என்ஜினீயரிங் ரேங்குக்கு சி.இ.டி. மார்க்கு பாதி, பி.யூ.சி. மார்க்கு பாதி. டிப்ளமோ முடித்தவர்கள் டி.சி.இ.டி. என்ற தேர்வு எழுதி, நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பி.யூ.சி.யில் மார்க்கு குறைந்ததும் எல்லாம் போயிற்று என்று இடிந்துபோகும் பெற்றோர், இந்தப் பக்கவாசலை மறந்துவிடக் கூடாது.

எந்த ஊர்ச் சான்றிதழ்?

வெளிமாநிலத் தமிழர்கள் சறுக்கி விழும் இடம் இதுதான்.

சர்க்கார் ஒதுக்கீட்டில் சி.இ.டி. இடம் பெற, 1-ம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ.சி. வரை குறைந்தது 7 ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது முக்கிய விதி. தமிழ்நாட்டிலோ 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் 2 மார்க்குதான் கணக்கு. அங்கே 8 முதல் 12 வரை படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பையன் 4-ம் வகுப்பு வரை பெங்களூரில் படிக்கிறான். பிறகு திருப்பத்தூரில் பாட்டி வீட்டில் 10-ம் வகுப்பு முடிக்கிறான். பி.யூ.சி.க்கு மறுபடி பெங்களூர். கர்நாடகத்தில் 4-ம் 2-ம் சேர்ந்து 6 ஆண்டுகள்தான். ஒரே ஓர் ஆண்டு குறைகிறது. வேறு எந்த விதிவிலக்கிலும் வராவிட்டால் சர்க்கார் இடத்துக்கு அவன் அந்நியன். பூர்வீகத்தைக் காட்டும் சான்றிதழும் கையில் இல்லை என்றால் தமிழ்நாட்டிலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். மார்க்கு இருந்தும் இடம் இல்லை.

ஆகவே, பிள்ளையை ஊருக்கு அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும்போதே இந்த ஆண்டுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். பள்ளியை விட்டு மாறும்போது படிப்புச் சான்றிதழை அன்றே வாங்கி வைக்க வேண்டும். விதிகளில் உட்பிரிவுகள் பல உண்டு. அவை மாறவும் கூடும். கர்நாடகத் தேர்வு ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் விளக்கப் புத்தகத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

வேலை எங்கே?

மின்வாரியம்: கர்நாடகத்தில் மின்பாதைக் கழகமும், பெஸ்காம் போன்ற விநியோக நிறுவனங்களும் டிப்ளமோ படித்தவர்களை ஜூனியர் என்ஜினீயராகவும், பட்டதாரிகளை உதவி என்ஜினீயராகவும் எடுக்கின்றன. இங்கே கன்னடம் கட்டாயம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று இரண்டையும் சரளமாகக் கற்ற பிள்ளைக்குத்தான் இந்தக் கதவு திறக்கும்.

மத்திய சர்க்கார்: ரெயில்வே தேர்வு வாரியம் ஐ.டி.ஐ. படித்தவர்களை டெக்னீஷியனாகவும், டிப்ளமோ, பட்டம் பெற்றவர்களை ஜூனியர் என்ஜினீயராகவும் எடுக்கிறது. உதவி லோகோ பைலட் வேலைக்கு மூவரும் விண்ணப்பிக்கலாம். பட்டதாரிகள் யு.பி.எஸ்.சி. நடத்தும் என்ஜினீயரிங் சர்வீஸ் தேர்வு எழுதலாம். அதில் உள்ள 4 பிரிவுகளில் எலெக்ட்ரிகல் ஒன்று. 'கேட்' தேர்வில் நல்ல மார்க்கு எடுத்தால் மேல்படிப்புக்கு உதவித்தொகையும் கிடைக்கும். மத்தியப் பொதுத்துறை மின்நிறுவனங்கள் சிலவும் அதை வைத்து ஆள் எடுக்கின்றன.

தனியார்: பெங்களூரையும் ஓசூரையும் சுற்றி மோட்டார், சுவிட்ச் கியர், மின்வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மின்ஸ்கூட்டரில் பேட்டரி, மோட்டார், அதை இயக்கும் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றும் இந்தப் படிப்பின் பாடங்களே. துமகூரு மாவட்டத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா இருக்கிறது.

சொந்தத் தொழில்: அனுபவத்துக்குப் பின் மின்ஆய்வுத் துறையின் கான்டிராக்டர் லைசென்ஸ் பெற்று, கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் வேலை எடுத்துச் செய்யலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் சம்பளம் என்று பார்த்தால் நல்ல கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தவன் முன்னே நிற்பான். எலெக்ட்ரிகல் வேலையில் தொடக்கம் மெதுவாக இருக்கும்; அனுபவம் ஏற ஏறத்தான் மதிப்பு ஏறும். சர்க்கார் தேர்வுகளுக்குப் போட்டி கடுமை. 2, 3 ஆண்டுகள் காத்திருக்க நேரிடலாம். அதைத் தாங்க முடியுமா என்று குடும்பம் யோசிக்க வேண்டும்.

பெண்களுக்கு உகந்ததா?

"கம்பத்தில் ஏறுகிற படிப்பு பெண்ணுக்கு எதற்கு" என்பவர்கள் ஏ.லலிதாவின் கதையைக் கேட்க வேண்டும். 1919-ல் சென்னையில் பிறந்தவர். 18 வயதில் கணவரை இழந்தார். கையில் 4 மாதப் பெண்குழந்தை. அவர் ஒடுங்கிப் போகவில்லை. தந்தை பேராசிரியராக இருந்த கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்து மின்சாரப் பொறியியல் படித்து, 1943-ல் முடித்தார். இத்துறையில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்ததை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். ஜமால்பூர் ரெயில்வே பட்டறையில் பயிற்சி பெற்றார். பின்னர் கல்கத்தாவில் ஒரு மின்சாதனக் கம்பெனியில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணிகளிலும் பங்கு பெற்றார்.

இன்று என்ஜினீயர் வேலையில் பெரும்பகுதி வரைபடத்திலும் கம்ப்யூட்டரிலும் கட்டுப்பாட்டு அறையிலும் நடக்கிறது. படிக்கும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 'பிரகதி' திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.50 ஆயிரம் உதவித்தொகை தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் 2 பெண்கள் வரை பெறலாம்.

பணம் கட்டும் முன்

விசுவேசுவரய்யா முயற்சியால் 1917-ல் தொடங்கிய பெங்களூர் என்ஜினீயரிங் கல்லூரி போன்ற சர்க்கார் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. முதல் குறி அங்கே இருக்கட்டும். தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தையும் கேண்டீனையும் பார்த்து மயங்க வேண்டாம். மெஷின் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மோட்டார்கள் ஓடுகின்றனவா, தூசு படிந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். "எல்லோருக்கும் வேலை கிடைத்தது" என்று சொன்னால், எந்தக் கம்பெனியில், என்ன வேலை என்று கேளுங்கள். எலெக்ட்ரிகல் படித்தவர்களை எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் கணக்குக் காட்டும் இடங்களும் உண்டு.

இடைத்தரகர் கையில் முன்பணம் கொடுக்கக் கூடாது. வட்டிக்கு வாங்கும் முன் வங்கியை அணுகுங்கள். கல்விக் கடன் ரூ.4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை.

சுரங்கத்திலும் ஆலையிலும் முந்திய தலைமுறை உடம்பால் உழைத்தது. அந்த உழைப்பை இயக்கிய மின்சாரத்தை அளந்து, அனுப்பி, ஆள்வதற்கு இந்தத் தலைமுறை கற்றுக்கொள்ளலாம். பிள்ளைக்குக் கணக்கில் பிடிப்பு இருக்கிறதா, மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை இருக்கிறதா என்று 8-ம் வகுப்பிலேயே கவனியுங்கள். இருந்தால், படிப்புச் சான்றிதழ்களை இன்றே ஒரு பையில் சேர்க்கத் தொடங்குங்கள்.