வாரம் 5 மார்க் கட்டினார்கள், கார் வரவில்லை!

சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் கதை நமக்குப் புதிதல்ல. ஜெர்மனியில் அரசாங்கமே அப்படி ஒரு சீட்டு நடத்தியது.

1938-ல் ஹிட்லர் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. தொழிலாளியும் குமாஸ்தாவும் சொந்தக் கார் வாங்கலாம். விலை 990 மார்க். வாரம் 5 மார்க் கட்டினால் ஒரு ஸ்டாம்பு கொடுப்பார்கள். அதை அட்டையில் ஒட்டிவர வேண்டும். வட்டி கிடையாது. பாதியில் நின்றால் பணம் திரும்பாது. சுமார் 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள்.

1939-ல் போர் மூண்டது. தொழிற்சாலையில் ராணுவ வண்டிகள் உருவாயின. பணம் கட்டியவர்களில் ஒருவருக்குக்கூட கார் கிடைக்கவில்லை.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவத்தின் மேற்பார்வையில் அதே தொழிற்சாலை அதே காரைத் தயாரித்தது. அதுதான் 'வண்டு' என்று உலகமெங்கும் பெயர் வாங்கிய ஃபோக்ஸ்வாகன். எஞ்சின் பின்பக்கம், அதைக் குளிர்விக்கக் காற்றே போதும். ரேடியேட்டர் இல்லை. தண்ணீர் கோடையில் கொதிக்குமோ, பனியில் உறையுமோ என்ற கவலை இல்லை. பராமரிப்பும் எளிது. விற்பனை பெருகியது.

அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் விடவில்லை; கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 1961-ல் சமரசம் ஏற்பட்டது. புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி. கார் வேண்டாதவருக்கு 100 மார்க் வரை ரொக்கம்.

2003-ல் மெக்சிகோவில் கடைசி வண்டு வெளிவந்தது. அதுவரை உருவானவை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். ஆனால் முதன்முதலில் பணம் கட்டிய தொழிலாளி, மீதி விலையையும் கையிலிருந்து போட்டுத்தான் அதில் ஏற முடிந்தது!