கசடு போகும் வழி

பெங்களூருக்கு வடக்கே, திப்பு சுல்தான் பிறந்த தலமென்றும், சக்கோத்தா என்று கன்னடர் அழைத்து அருமையாய் வளர்க்கும் பம்பளிமாஸ் பழத்தின் ஊரென்றும் பெயர்பெற்ற தேவனஹள்ளியில், நிலத்தடிச் சாக்கடை இல்லாத குறையைக் கண்டு மனம் சோராமல், வீடுகளின் செப்டிக் டேங்குகளில் சேரும் கசட்டைச் சுத்திகரிப்பதற்கென்றே ஒரு நிலையத்தை 2015ஆம் ஆண்டில் நிறுவினார்கள். நம் தேசத்துச் சிற்றூர்கள் அனைத்தும் நேரில் சென்று பார்க்கத் தக்க காரியம் இது என்பது என் அபிப்பிராயம்.

பிரான்சு தேசத்தின் கிழக்கே வெசூல் என்னும் சிறு நகரில், ழான் லூயி மூராஸ் என்பவர் 1860ஐ ஒட்டித் தாம் கட்டிய, இன்றைய செப்டிக் டேங்குக்கு முன்னோடியான கழிவுத் தொட்டியைப் பல வருஷங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, உள்ளே திடப்பொருள் மிகச் சொற்பமாகவே எஞ்சியிருக்கக் கண்டு வியப்புற்று, 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிராணவாயு இல்லாமலே ஜீவிக்கும் நுண்ணுயிர்களே அந்த அதிசயத்தைச் செய்தவை. ஆயினும் அவை எல்லாவற்றையும் தின்று தீர்ப்பதில்லை. எஞ்சிய கசடு அடியில் படிந்துகொண்டே வருவதால், இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை அதை இறைத்தாக வேண்டும். லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் வேலை முடிந்ததென்று வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்கிறார். உண்மையில் ஊரின் பொறுப்பு அங்கேதான் ஆரம்பமாகிறது. பல ஊர்களில் அந்த லாரி ஏரிக்கரையிலோ, ஓடையிலோ, வயலிலோ போய்க் கவிழ்த்துவிட்டு வருகிறது என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

தேவனஹள்ளியில் லாரிக்குப் போக ஓரிடம் உண்டு. கம்பிச் சல்லடையில் துணியும் பிளாஸ்டிக்கும் தங்கிவிட, கசடு மூடிய தொட்டிகளில் புளித்து, எரிவாயுவை வெளிவிட்டு, பிறகு மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்படுகைகளில் விரிக்கப்படுகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஜலமே. அந்த ஜலம் கீழே வடிந்து, வேறு சில தொட்டிகளைக் கடந்து, செடிகள் வளர்ந்த ஜல்லிப் பாத்திக்குள் நுழைகிறது. அங்கே கற்களின் மேலும் வேர்களின் மேலும் மெல்லிய வழவழப்பாய்ப் படிந்திருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள், கரைந்துள்ள அசுத்தத்தையே ஆகாரமாகக் கொள்கின்றன. ஜலம் பெரும்பாலும் நிலத்தின் சரிவிலேயே இறங்கிவிடுவதால் மின்சாரத்தின் தேவை சொற்பம். சிறிய நகரசபைகளுக்கு இது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதை, பழுதான பம்புக்கு உதிரிபாகம் தேடி அலைந்த ஊழியரைக் கேட்டால் தெரியும்.

படுகையின் மேலே எஞ்சுவது, கரிய பாளங்களாய் வெடித்துக் கிடக்கும் உலர்ந்த கசடு. கையில் எடுத்தால் உதிரும், நாற்றமும் அநேகமாய் அடங்கியிருக்கும், ஆனால் நம்பிவிடலாகாது. உருண்டைப்புழுவின் முட்டைகள், தடித்த ஓட்டின் காப்பில், மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடிருக்க வல்லவை. பச்சைக் கசட்டை வயலில் கொட்டுவதன் அபாயம் இதுவே. அது உழவரின் கால்வழியும் கீரைவழியும் குழந்தைகளின் குடலை அடைகிறது. ஆகவே உலர்ந்த கசட்டை ஊரின் மக்கும் குப்பையோடு கலந்து குவிக்கிறார்கள். குவியலின் உள்ளே உஷ்ணம் 55 டிகிரிக்கு மேல் ஏறிப் பல நாட்கள் நிலைத்தால் அம்முட்டைகள் அழிகின்றன. பிறகு அது எருவாகிறது.

நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 6,000 லிட்டர்; அதாவது ஓரிரு லாரி. சொற்பமாய்த் தோன்றினாலும், முறைவைத்து இறைத்தால் சிற்றூருக்கு இத்தகைய அளவே பெரும் பிரயோஜனம் தரும். அந்த முறைதான் நம் ஊர்களில் இல்லை. தொட்டி வழிந்து வாசலுக்கு வந்த பிறகே லாரியை அழைக்கிறோம். அதற்குள் அடிக்கசடு இறுகிப்போய்க் குழாய்க்கு மசிவதில்லை. அப்போதுதான், விஷவாயு தேங்கிய அந்த இருட்டுக்குள் ஒரு மனிதனை இறங்கச் சொல்லும் கொடுமை நேர்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், தக்க பாதுகாப்பின்றி எவரையும் அப்படி இறக்குவதைக் குற்றமென்று விதித்திருக்கிறது. காலம் தவறாமல் இறைத்துவந்த தொட்டியிலோ கசடு இளகியே கிடக்கிறது. அதைக் குழாயே உறிஞ்சிவிடும்.