பெயரில்லாதவரின் பங்கு
தொடர்: யாருக்கு எவ்வளவு? – 9

பின்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஒல்கிலுவோட்டோ தீவில், ஏறத்தாழ 430 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்து ஒரு நிலவறை அமைத்திருக்கிறார்கள். பெயர் ஓன்கலோ. அணு உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை வார்ப்பிரும்புக் கூட்டில் அடுக்கி, அதன்மேல் 5 சென்டிமீட்டர் தடிமனில் செம்பு உறை போட்டு, சுற்றிலும் பெண்டோனைட் களிமண்ணை அடைத்து, நிரந்தரமாக மூடிவிடுவது திட்டம். நீர் பட்டால் அந்தக் களிமண் உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். ஒரு லட்சம் ஆண்டு யோசித்துச் செய்த ஏற்பாடு இது. அதற்குள் பனியுகமே வந்து போகலாம். மேலே யார் குடியிருப்பார்கள், எவராவது இருப்பார்களா என்பதே நிச்சயமில்லை. மின்சாரம் இந்தத் தலைமுறைக்கு, மிச்சம் அந்தத் தலைமுறைக்கு. பிறப்பதே உறுதியில்லாதவர்களோடு நன்மை தீமையை எப்படிப் பங்கிடுவது?

பங்கீடு என்ற பொதுவான கேள்விக்குப் போன நூற்றாண்டில் இரண்டு பேர் எதிரெதிரான விடைகள் தந்தார்கள். நாம் யாராகப் பிறப்போம் என்று தெரியாத நிலையில் உலகைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சராசரி நலம் மிகுந்ததையே எடுப்போம் என்றார் பொருளியலாளர் ஜான் ஹர்சன்யி. இல்லை, கடைசிப் படியில் நிற்பவரின் நிலை எதில் மேலோ அதையே எடுப்போம் என்றார் தத்துவவாதி ஜான் ரால்ஸ், 1971இல் வந்த தம் நூலில். சராசரியில் ஒரு சிக்கல் உண்டு. ஆயிரம் பேருக்கு ஆளுக்குத் துளி லாபம், ஒருவருக்குப் பேரிழப்பு என்றாலும் கூட்டல் சரியாக வந்துவிடும். அந்த ஒருவரிடம் போய்க் கூட்டுத்தொகையைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது. அப்படியானால் ரால்ஸ் பக்கமே சாய்ந்துவிடலாமா? அதைக் கடைசிவரை இழுத்துப்போய், எவருக்கும் கடுகளவு ஆபத்தும் கூடாதென்றால் விளக்கே ஏற்ற முடியாது.

பின்லாந்தின் விதி இரண்டுக்கும் நடுவே வழி கண்டிருக்கிறது. புதைகுழி மூடிய பின் வரும் சில ஆயிரம் ஆண்டுகளில், மிக அதிகமாகக் கதிர்வீச்சுக்கு ஆளாகக்கூடியவருக்குக்கூடப் புதைகுழியிலிருந்து வரும் அளவு ஆண்டுக்கு 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. இயற்கையிலிருந்தே மனிதர் ஆண்டுதோறும் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். ஆபத்து பூஜ்யம் என்று விதி வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வரம்பு கட்டும்போது, அதிகம் அடிபடக்கூடியவரை முன்னால் நிறுத்தித்தான் கட்டுகிறது. பிறக்காதவர்களுக்குச் செய்யும் நியாயத்துக்கு இதுவே சரியான அளவுகோல் என்பது என் வாதம்.

‘தொலைவில் இருப்பவர்களின் துன்பத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதானே கணக்குப் போட வேண்டும்?’ என்று பொருளியலாளர்கள் கேட்பார்கள். பருவநிலை குறித்து 2006இல் நிக்கோலஸ் ஸ்டெர்ன் தந்த அறிக்கை, காலத்துக்காக மட்டும் கழிக்கும் வீதத்தை ஆண்டுக்கு 0.1 சதவீதமாக வைத்தது. மனித குலமே அழிந்துபோகும் வாய்ப்புக்காகத்தான் அதுவும். வில்லியம் நார்ட்ஹாஸ் பயன்படுத்திய வீதங்களில் ஒன்று 1.5 சதவீதம். பார்த்தால் சின்ன வித்தியாசம். நூறு ஆண்டு கழித்து வாழப்போகும் 100 பேர் முதல் கணக்கில் 90 பேராகவும், இரண்டாவது கணக்கில் 22 பேராகவும் நிறுக்கப்படுகிறார்கள். ஓன்கலோவின் காலத்துக்கு நீட்டினால் இரண்டிலுமே அவர்கள் மறைந்துபோவார்கள். நடக்குமோ நடக்காதோ என்ற ஐயத்துக்காகக் கழிப்பது நியாயம். பிந்திப் பிறப்பதற்காக ஒருவரின் வலியைக் கழிக்க என்ன நியாயம் இருக்கிறது?

தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984இல் எழுப்பிய தடை இன்னும் கூர்மையானது. நம் முடிவுகள் மாறினால் யார் யாரைச் சந்தித்து மணப்பார்கள் என்பதும் மாறும். பிறக்கும் ஆட்களே வேறாவார்கள். அப்படியிருக்க யாருக்கு அநீதி? நம் வாரிசுச் சட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது. தகப்பன் உயில் எழுதாமல் இறக்கும்போது கருவிலிருக்கும் பிள்ளை, உயிரோடு பிறந்தால், முன்பே பிறந்த பிள்ளைக்குள்ள அதே உரிமை அதற்கும் உண்டு என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை, முகம் தெரியாது. பங்கு மட்டும் காத்திருக்கிறது. பிறக்காவிட்டால் பாக்கி இல்லை. ஆகவே எண்ணற்ற பேரைப் பிறப்பித்தாக வேண்டிய கடமை நமக்கில்லை. இன்றைய ஏழையின் சோற்றைப் பிடுங்கி அவர்களுக்குச் சேர்க்கவும் வேண்டாம். பின்லாந்தில் புதைக்கும் செலவுக்கான பணம், அணுமின்சாரம் தயாரிக்கும் நிறுவனங்களிடமே தனி நிதியாக வசூலிக்கப்படுகிறது. அனுபவித்தவர் கணக்கில் பற்று எழுதுவது, வருகிறவர் யாரானாலும் அவர் தலையில் வரம்பு மீறிச் சுமை ஏற்றாதிருப்பது: நம் கடமை இவ்வளவுதான். இதற்குக் குறைந்தால் அது பாகப் பிரிவினை அல்ல, அபகரிப்பு.