காரில் கேட்பது பாட்டா, இடியா? சப்வூஃபர் வாங்கும் முன்

அடுக்குமாடி வீட்டில் பாட்டைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். அதனால் புலம்பெயர்ந்த எங்களில் பலர் மனம் நிறையப் பாட்டுக் கேட்பது காருக்குள்தான். வேலைக்குப் போகும்போதும், பிள்ளைகளை மிருதங்க வகுப்புக்கு ஏற்றி இறக்கும்போதும் கேட்கிறோம். பேஸ் காணாது என்று மகன் சொல்ல, ஒரு சப்வூஃபர் வாங்கிப் பூட்டுகிறோம். பிறகு தவில் எது, பேஸ் கிட்டார் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே 'தும் தும்'. குறை பெரும்பாலும் விலையில் இல்லை, தெரிவில்தான் இருக்கிறது.

சப்வூஃபரின் வேலை என்ன?

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். சப்வூஃபரின் பங்கு அதன் அடித்துண்டு மட்டுமே. பொதுவாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். கதவில் உள்ள சிறிய ஸ்பீக்கர்கள் அந்த ஆழத்துக்கு இறங்கத் திணறும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் பாட்டோடு சேர்ந்தும் விலகியும் தனியாக நடக்கும். அந்த நடை சுரம் சுரமாகப் பிரிந்து கேட்டால், அதுதான் சுத்தமான பேஸ்.

பெட்டிதான் முதலில்

மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்து கூம்பைக் கட்டுக்குள் வைத்திருக்கும். துளையுள்ள பெட்டி அதே வலுவில் கூடிய சத்தம் தரும். ஆனால் இடம் கூடப் பிடிக்கும். அளவு பிசகினால் ஒரு சுரம் மட்டும் இரைந்து மற்றவற்றை மூடிவிடும். காரின் சிறிய உள்ளறை தானாகவே ஆழ்ந்த பேஸைத் தூக்கிக் கொடுப்பதால், துல்லியம் வேண்டுவோருக்கு மூடிய பெட்டியே நல்ல தெரிவு.

10 அங்குலம் வேகம், 12 அங்குலம் மந்தம் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட கனவளவில் பெட்டி இருக்கிறதா என்பதே முக்கியம். டிக்கியில் இடமில்லாத சிறிய கார்களுக்கு, ஆம்பிளிஃபையரோடு சேர்ந்து வரும், இருக்கைக்குக் கீழே வைக்கும் தட்டையான வகை உண்டு. அது நெஞ்சை அதிர வைக்காது. பாட்டின் அடியை நிரப்பும்.

எண்களில் ஏமாறாதீர்கள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது உச்ச வாட்ஸ். நாம் பார்க்க வேண்டியது தொடர்ந்து தாங்கக்கூடிய 'ஆர்.எம்.எஸ்' அளவு. அடுத்தது ஓம். 4 ஓம் கம்பிச்சுருள் இரண்டு உள்ள ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் பூட்டினால் 2 ஓம். தொடர் இணைப்பில் 8 ஓம். உங்கள் ஆம்பிளிஃபையர் அந்த ஓமைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'கெயின்' திருகி சத்தம் கூட்டுவதற்கானது அல்ல. அதை முழுதாகத் திருப்பினால் ஒலி சிதையும், கம்பிச்சுருள் கருகும்.

பாதுகாப்பு

பற்றரியிலிருந்து வரும் வயரில் சுமார் 45 சென்ரிமீற்றருக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசிக் காரின் உடலில் தொட்டால், தீயைத் தடுப்பது அதுதான். பெட்டியையும் இறுகக் கட்டிவையுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் அது முன்னே பாய்ந்து வரும்.

பின்னிருக்கையில் பிள்ளைகள் அந்தப் பெட்டிக்கு எங்களைவிடக் கிட்ட இருக்கிறார்கள். வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபெல், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். போன செவிப்புலன் திரும்பி வராது.

கடைசியாக ஒரு சோதனை

வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, சாரதி இருக்கையில் இருந்தே கேளுங்கள். ஃபேஸ் பொத்தானை இரு பக்கமும் மாற்றிப் பார்த்து, பேஸ் நிறைவாகக் கேட்கும் பக்கத்தில் விடுங்கள். நம்பர் பிளேட் கிடுகிடுத்தால் பின்னால் கொஞ்சம் ஸ்பொஞ்ச் ஒட்டுங்கள்.

சப்வூஃபர் ஓடும்போது சத்தம் டிக்கியிலிருந்து வருவதாகத் தெரியக்கூடாது. நிறுத்தினால் பாட்டு வெறுமையாக வேண்டும். கடைக்குப் போகும்போது மகனையும் கூட்டிப்போங்கள். அவனுடைய பாட்டு ஒன்று, உங்களுடைய பாட்டு ஒன்று. இரண்டும் தெளிவாகக் கேட்டால் காசைக் கொடுக்கலாம்.