பல்கலைக்கழகப் பணியும் புதிய தலைமுறையும்

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, கம்பளை வழியே இறங்கும் சாலை பேராதனையைச் சென்றடைகின்றது. 1942இல் கொழும்பில் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கு குடிபுகுந்தது. ஆயினும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையற்று நின்ற தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு அச்சாலை எட்டாத சாலையாகவே நெடுங்காலம் இருந்தது. இன்றோ அவர்தம் பேரப்பிள்ளைகளிற் சிலர் பல்கலைக்கழகங்களிலே விரிவுரையாளராகவும் அலுவலக ஊழியராகவும் அமர்ந்திருக்கின்றனர். கண்டு மகிழத்தக்க மாற்றமன்றோ இது!

1981 முதல் 1996 வரை பிறந்தோரை 'மில்லேனியல்' தலைமுறையினர் என மேலைநாட்டார் வகுப்பர். மலையகத்தில் இத்தலைமுறையினர் சிலரது குடும்பங்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே குடியுரிமை கிட்டியது. உரிமை கேட்டுப் பெறவேண்டிய பொருள் என்பதை வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர்கள் இவர்கள்.

எம்மிடம் பயின்று இன்று பல்கலைக்கழகங்களிற் பணிபுரியும் இளையோர், தீபாவளிக்கு ஊர் வரும்போது எம்மைக் காண வருவதுண்டு. சம்பளத்தைப் பற்றி முதலிற் பேசுவரென நாம் எண்ணியிருப்போம். அவர்களோ பணியிடத்துப் பழக்கவழக்கங்களைப் பற்றியே பேசுகின்றனர். ஓராண்டு நியமனம் நீடிக்கப்படுமா என்பது இறுதி நாள்வரை தெரிவதில்லை. இரவிலும் கைத்தொலைபேசியிற் கட்டளை வருகின்றது. கூட்டத்தில் இளையவர் "ஏன்?" என்று வினவினால் அது பணிவின்மையாகக் கொள்ளப்படுகின்றது. பிரட்டுக் களத்திலே துரையின் முன் பாட்டனார் வாய்திறவாது நின்ற கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு இங்கும் அதே மௌனமா என்று அவர்கள் கேட்கின்றனர்.

மூத்தோர் பக்கத்திலும் நியாயமுண்டு. அவர்களும் பல்லாண்டு பொறுத்திருந்தே உயர்ந்தவர்கள். அறிவுத்துறையிற் பயிற்சிக்குக் காலம் வேண்டும். வந்த மறுநாளே அனைத்தும் மாறவேண்டுமென்பது ஆகாத காரியம். குறையை நேரிற் சொல்லாது தொலைபேசிக் குழுக்களிற் புலம்பும் வழக்கத்தையும் இளையோர் விட்டொழித்தல் நன்று.

எனினும், கற்றோர்க்குச் செய்யும் வணக்கம் வேறு. பதவிக்கு அஞ்சும் அச்சம் வேறு. வினவுதலாலேயே கல்வி வளர்கின்றது. மாணவனை வினவத் தூண்டும் நிலையத்தில் ஊழியர் மட்டும் வினவலாகாதெனின், அது முறையாகுமா?

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர். 2024இல் கல்விசாரா ஊழியர் சம்பளக் குறைகளை முன்வைத்து இரண்டு மாதங்களுக்கு மேலாக வேலைநிறுத்தஞ் செய்தனர். சம்பளக் குறையைத் தீர்க்கத் திறைசேரி வேண்டும். ஓர் இளைஞனின் வினாவுக்கு முகங்கொடுக்கப் பணம் வேண்டியதில்லை. நியமன முடிவை முன்கூட்டி அறிவிப்பதும், கட்டளையோடு காரணத்தையும் கூறுவதும், உழைத்தவர் பெயரை மறவாது குறிப்பதும் எவர்க்கும் இயலும்.

லயத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் பெண்பிள்ளை ஒருத்தி, பதிவு அலுவலகச் சாளரத்தின் முன் தயங்கி நிற்பாள். அவளது தயக்கத்தின் காரணத்தை அறிந்து, தமிழிலே அன்பாக விடைசொல்லக்கூடியவர் அச்சாளரத்தின் பின்னே இருத்தல் வேண்டும். அத்தகையோரை மனம்நொந்து வெளியேற விடலாகாது. "அரசாங்க உத்தியோகம், வாயை மூடிக்கொண்டிரு" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பெற்றோரும் இதனைச் சிந்திப்பார்களாக.