உங்களுக்குத் தெரியுமா? தாய்க்கு எதிராக ஒரு சிறுமியின் சாட்சி

எமிலியா ஹார்ட்டின் ‘வேவர்ட்’ (2023) நாவலில் ஒரே வம்சத்துப் பெண்கள் மூவர்: 1619-இல் சூனியக்காரி என்று விசாரிக்கப்படும் ஆல்த்தா, 1942-இல் தந்தையின் கட்டுக்காவலில் வளரும் வயலட், 2019-இல் கொடுமைக்காரத் துணைவனிடமிருந்து தப்பி வரும் கேட். மூவரும் கற்பனைதான். ஆனால், ஆல்த்தா விசாரிக்கப்படும் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் 1612 ஆகஸ்ட்டில் நிஜமாகவே நடந்ததைப் படித்தால் நெஞ்சு பதறும். சுமார் ஒன்பது வயதுச் சிறுமி ஜென்னட் டிவைஸ், சூனிய வழக்கில் பெற்ற தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தாள். தாய் கதறினாள். அவளை வெளியேற்றிவிட்டு, சிறுமியை மேசைமேல் ஏற்றிப் பேச வைத்தார்கள். அதே வழக்கில் கைதான பாட்டி டெம்டைக் அதற்கு முன்பே சிறையில் இறந்திருந்தாள். ஆகஸ்ட் 20 அன்று தாய், அக்கா, அண்ணன் உட்படப் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.